மிச்சம் ஒண்ணு யாரு?

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் புனேயிலிருந்து போன் செய்து "எதுக்கு?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பார்.

டெல்லி ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்வீடு. கணவர் எந்நேரமும் டூரில் இருக்கிற உத்தியோகம், பத்து வயதில் ஒரு பெண். இவருக்கு நேரு பிளேஸில் வேலை. கெட்டுப்போன ஹார்டு டிஸ்கிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டுக் கொடுக்கிற ஒரு சின்னக் கடை. திருநெல்வேலிக்காரர். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். என் அம்மா, அவர் காதில் விழாத தூரத்தில், மேல்வீட்டு போலீஸ் என்று கூப்பிட்டாள்.

அம்மாவின் கோபத்துக்கு ஒரு மிக்சி காரணம். உறுமிவிட்டு நின்றுபோன மிக்சி. "நான் ஒண்ணுமே பண்ணலை, அதுவா நின்னுடுச்சு" என்றாள் அம்மா. அக்கா மிக்சியைத் தொடவே இல்லை. கைப்பையிலிருந்து தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கம் நடுவே ஒரு கோடு போட்டார். இடதுபக்கம் 'அது' என்று எழுதினார். வலதுபக்கம் 'நாம'.

"அது என்ன செஞ்சுது, நீங்க என்ன செஞ்சீய? வரிசையாச் சொல்லுங்க மாமி."

கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் விரலி மஞ்சளை உடைக்காமல் அப்படியே உள்ளே போட்ட விவரம் வெளியே வந்தது. அக்கா அதை 'நாம' பக்கம் எழுதிவிட்டுத்தான் மிக்சியைத் திறந்தார். அம்மா அந்தத் தாளை மன்னிக்கவே இல்லை.

உலகத்தில் எந்தப் பொருளும் அதுவாகக் கெட்டுப்போகாது என்று அவர் நினைத்ததாகச் சொல்ல முடியாது. போகும், அது அவருக்குத் தெரியும். ஆனால் போன பிறகு மனிதர்கள் அதை என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதும் தெரியும். கீழ்த்தளத்து வங்கி அதிகாரி தன் டிஸ்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்று எங்கோ படித்துவிட்டு, ஒரு ராத்திரி முழுக்க இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்து, காலையில் துடைத்து எடுத்துக்கொண்டு மேலே வந்தார். "ஒண்ணும் பண்ணலை, அப்படியே கொண்டு வர்றேன்." அக்கா அதை மோந்து பார்த்தார். "எதுல சுத்தி வச்சீய?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் முகத்தை நான் இன்றும் நினைத்துச் சிரிப்பேன்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. அவர் பெண் பூங்காவிலிருந்து உதட்டில் ரத்தத்தோடு வந்தாள். நான் அப்போது அங்கே இருந்தேன். எந்தத் தாயாக இருந்தாலும் முதலில் அள்ளிக்கொள்வாள். இவர் குனிந்து முகத்துக்கு நேராக முகம் வைத்து, "எப்படி விழுந்த? முதல்ல எது தரையில பட்டுது?" என்றார். "மம்மி, மைனே குச் நஹீ கியா, ஒண்ணுமே பண்ணலை, சும்மா விழுந்துட்டேன்" என்று குழந்தை அழுகிறது. இவர் விடவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, விட்டால் கன்னத்தில் அறைந்திருப்பேன், அவரைத்தான். நாலாவது தடவை கேட்டபோது, சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து பந்தயம் கட்டிக் குதித்தது, பின்தலை கம்பியில் இடித்தது எல்லாம் வந்தது. உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் தலையைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தையல் போட்டார்கள்.

ஏன் இப்படி ஆனார் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். "ஒண்ணும் ஆகாது" என்று அவர் வாயால் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை, "கிடைச்சிரும்" என்றும் சொன்னதில்லை. அதிகபட்சம் "பாப்போம்." ஆறுதல் தேடி அவரிடம் போகிறவர்கள் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை வாரத்தில் நான் அவரிடம் போனது என் லேப்டாப்போடு.

அதில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்கிற செல்வியக்கா கள்ளக்குறிச்சிப் பக்கம். நான் கல்லூரியில் படிக்கிற காலத்திலிருந்து வருகிறாள், இன்றும் நான் அவளுக்குப் பாப்பாதான். ஒரு பெரிய வடிகால் ஓரத்தில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த இடத்தில் அவள் குடும்பம் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. அதை இடித்தார்கள். பழைய குடியிருப்பு என்று காகிதம் காட்டுகிறவர்களுக்கு மாற்று ஃபிளாட் என்றார்கள். முதல் பட்டியலில் விடுபட்டவர்கள் பன்னிரண்டு குடும்பம். அந்தப் பன்னிரண்டு வீட்டு ரேஷன் கார்டு, மின்சார ரசீது, வாக்காளர் அட்டை எல்லாம் செல்வியக்காவின் ட்ரங்குப் பெட்டியில் இருந்தன. எல்லோருக்கும் அவள் மேல் அவ்வளவு நம்பிக்கை. அவள் அவற்றை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள், நான் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து லேப்டாப்பில் சேர்த்துவைத்தேன். பெட்டி திரும்ப அவள் வாடகை அறைக்குப் போயிற்று. ஆகஸ்ட் மழையில் அந்த அறைக்குள் தண்ணீர் புகுந்து, பெட்டிக்குள் இருந்தது அத்தனையும் கூழாகிவிட்டது.

ஆக, என்னிடம் இருந்தது மட்டும்தான் மிச்சம். விடுபட்டவர்களின் காகிதங்களைப் பார்க்கிற விசாரணை வரும் திங்கட்கிழமை. வேறு எங்கும் நகல் வைத்திருந்தாயா என்று கேட்காதீர்கள். பிரின்ட் போட நினைத்தேன், பிரின்டரில் மை தீர்ந்திருந்தது. பென்டிரைவில் போட நினைத்தேன், நாளைக்கு என்று நினைத்தேன். மொழிபெயர்ப்பு வேலைக்குத் தேதி தவறாத நான், இதில் மட்டும் இரண்டு மாதம் நாளைக்கு நாளைக்கு என்று ஓட்டினேன்.

புதன்கிழமை காலை லேப்டாப்புக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் நிறுத்தி மறுபடி 'டிக்'. பயந்துபோய் பென்டிரைவைச் செருகினேன். நாலாவது தாளில் நகலெடுப்பது நின்றுபோயிற்று. தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காதை அதன் மேல் வைத்துக் கேட்டார். பிறகு திரையில் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து இரண்டு எண்களைக் காலண்டர் தாளில் 'அது' பக்கம் குறித்துக்கொண்டு, லேப்டாப்பை அணைத்து என் கையில் கொடுத்தார்.

"இனி இதத் தொடாத. காலி டிஸ்க் ஒண்ணு கடையிலருந்து எடுத்துட்டு வருதேன். நாளைக்கு லீவுதான், மத்தியானம் உக்காருவோம்."

"கிடைச்சிடுமாக்கா?"

"தொறக்காம இருந்தா பாப்போம்."

அன்றைக்கு சரஸ்வதி பூஜை. புத்தகத்தைத் தொடக் கூடாத நாள். அம்மாவுக்கு அக்காவின் உத்தரவு ரொம்பப் பொருத்தமாகப் பட்டது. லேப்டாப்பை அப்பாவின் புத்தகங்கள் மேல் அடுக்கி, மூடியில் சந்தனம் குங்குமம் இட்டு, பூ வைத்தாள். அதற்கு அப்படி ஒரு பாதுகாப்பு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

வியாழக்கிழமை விஜயதசமி. காலையில் மறுபூஜை முடிந்ததும், வைத்த பொருளை எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். அப்பா புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தார். அம்மா அரிவாள்மணையில் ஒரு கத்தரிக்காய் நறுக்கினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எடுத்து ஒரு நிமிஷம் தொறந்துட்டு மூடு."

"மேல்வீட்டக்கா தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா."

"விஜயதசமி அன்னிக்கு மூடி வெச்சா வருஷம் பூரா மூடியே கிடக்கும். ஒரு நிமிஷத்துல என்ன ஆயிடும்?"

அம்மா மேல் பழியைப் போட்டால் எனக்குச் சௌகரியம்தான். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. பூஜையில் இருந்து எழுந்த லேப்டாப், ஒருவேளை நன்றாகவே எழுந்துவிடாதா? பொத்தானை அமுக்கினேன். 'டிக்.' கறுப்புத் திரையில், டிஸ்கில் பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேட்டது. பதில் சொல்லாமல் விட்டால் தானே தொடங்கிவிடும் என்றும் போட்டிருந்தது. நான் விட்டேன். நாற்பது நிமிஷம் அது எதையோ சரிசெய்தது. அப்புறம் டிக் டிக் டிக் என்று விடாமல் தட்ட ஆரம்பித்தது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, கலைந்த பூவை மறுபடி அதன் மேல் சரியாக வைத்தேன். பூவை ஏன் வைத்தேன் என்று என்னை நானே நிறையத் தடவை கேட்டிருக்கிறேன். தொடாத மாதிரி தெரியட்டும் என்றுதான்.

மத்தியானம் அக்காவின் சாப்பாட்டு மேஜை. செல்வியக்காவும் வந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள், நாற்காலியில் உட்காரச் சொன்னாலும் கேட்கவில்லை. அக்கா மூடியின் மேல் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டு, லேப்டாப்பின் அடிப்பாகத்தைக் கழற்றி டிஸ்கை வெளியே எடுத்தார். உள்ளங்கை அளவுதான். பன்னிரண்டு குடும்பம் அதற்குள்.

"நேத்துக்கு அப்புறம் என்ன செஞ்ச?"

"ஒண்ணும் பண்ணலைக்கா. பூஜையில இருந்தது."

அக்கா தலையாட்டினார். "இது ரொம்ப நேரம் தாங்காது. அதனால முழுசாப் போக வேண்டாம். இவிய தாளு இருக்குத அந்த ஒரு ஃபோல்டர மட்டும் நேராப் போய் எடுத்துட்டு வெளிய வந்துருவோம். சரியா?"

"சரிக்கா."

டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரோடு இணைத்தார். நேற்றுப் பார்த்த அதே பட்டியலைத் திறந்தார். கைப்பையிலிருந்து நேற்றைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விரல் அப்படியே நின்றது.

"இந்த டிஸ்க் இருக்குல்லா, தன்னை எத்தன தடவ எழுப்பினாங்கன்னு அதுவே எண்ணி வச்சுக்கிடும்." என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்தே பேசினார். "நேத்துக் குறிச்சதுக்கு இன்னிக்கு ரெண்டு கூட இருக்கு. இப்ப எழுப்பினது நான் ஒண்ணு. மிச்சம் ஒண்ணு யாரு?"

அப்போதும் பாருங்கள், "தெரியலைக்கா" என்று சொன்னேன். முப்பத்திமூன்று வயசு எனக்கு.

"டிஸ்க் ஓடிட்டு இருக்கு. நீ யோசிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அதுக்குச் செலவு. எழுப்பினது யாருன்னு எனக்கு அக்கறை இல்ல. எழுப்பி என்ன செஞ்சாங்க, அதச் சொல்லு."

செல்வியக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் சொல்ல வேண்டியிருந்ததுதான் எனக்குக் கஷ்டம். தனியாகக் கேட்டிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன் என்று நினைக்கத் தோன்றுகிறது. அதுவும் பொய்யாக இருக்கலாம்.

"காலையில ஆன் பண்ணினேன். ரிப்பேர் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. விட்டுட்டேன். நாப்பது நிமிஷம் ஓடிச்சு."

அக்கா திட்டவில்லை. வலதுபக்கம், 'நாம' என்பதற்குக் கீழே எழுதினார். எழுதியபடியே சொன்னார்.

"அப்ப அந்த ஃபோல்டர் வெறுங்கூடு. ரிப்பேர் ஓடினா உள்ள இருக்கத எல்லாம் துண்டு துண்டாக்கி வேற பேருல வேற எங்கனயாவது போட்டுரும். நீ சொல்லாம இருந்தா, நான் இதுல மிச்சம் இருக்க உசுர எல்லாம் அந்த வெறுங்கூட்டுக்குள்ள தேடியே தீத்திருப்பேன். இனி முழுசாத்தான் வாரணும். தாங்குமான்னு தெரியாது."

நான் செல்வியக்கா பக்கம் திரும்பினேன். "நான்தான்க்கா. தொடாதேன்னு சொல்லியும் தொட்டேன். உங்க வீடெல்லாம் போயிட்டா நான்தான் காரணம்." அழுகை வந்துவிட்டது. அழக்கூட எனக்கு உரிமை இல்லை என்று அந்த நேரம் தோன்றியது.

செல்வியக்கா முந்தானையை முறுக்கினாள். பிறகு என்னிடம் இல்லை, அக்காவிடம் சொன்னாள்.

"பொட்டிய கட்டில் மேல வையின்னு எங்க வூட்டுக்காரு அன்னிக்கு சொன்னாரும்மா. எனக்குக் கை வலி. காலையில வைக்கலாம்னு தரையிலயே வுட்டுட்டன். தண்ணி திடீர்னு வந்துடுச்சின்னுதான் எல்லாத்துகிட்டயும் சொல்லி வச்சிருக்கன். திடீர்னு வர்ல. சாயங்காலத்துலேர்ந்தே ஏறிக்கிட்டுதான் இருந்திச்சி."

மற்றப் பதினொரு குடும்பத்துக்கும் இரண்டு மாதமாகச் சொல்லாததை அவள் அங்கே சொன்னாள். அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்தார். 'நாம' பக்கத்தில் நான் செய்ததுக்கு மேலே ஒரு வரிக்கு இடம் இருந்தது. அதில் 'பெட்டி தரையில் இருந்தது' என்று எழுதினார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி வேலையைத் தொடங்கினார்.

நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு, தகராறு செய்கிற இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பிவந்து எடுப்பது அவர் முறை. திரையில் எண் ஏறியது. பத்து, இருபது, முப்பத்தொன்று. முப்பத்தொன்றில் ஒரு மணி நேரம் நின்றது. அக்கா டிஸ்கின் மேல் இரண்டு விரலை வைத்து சூடு பார்த்துக்கொண்டே இருந்தார். சுட்டால் நிறுத்துவார், ஆறவிட்டு மறுபடி தொடங்குவார். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் மறுபடி எழுந்திருக்குமா என்று எங்களுக்குத் தெரியாது. செல்வியக்கா எழுந்துபோய் டீ போட்டாள். யாரும் குடிக்கவில்லை.

சாயங்காலம் எண்பத்தாறில் இருக்கும்போது எதிர் மைதானத்தில் தசராவுக்கு நிறுத்தியிருந்த ராவணன் பொம்மையைக் கொளுத்தத் தயாரானார்கள். மைக்கில் ஜெயகோஷம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டாசு வெடித்தால் மேஜை அதிரும். அக்கா அதற்கு முன்பே டிஸ்கைத் தூக்கித் தன் மடியில் மடித்து வைத்த ரஜாய்ப் போர்வை மேல் வைத்துக்கொண்டிருந்தார், வயர் தொங்க. முதல் வெடியில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கும்பகர்ணன், மேகநாதன், ராவணன் என்று மூன்று பேரும் எரிந்து முடிகிற வரை அவர் அசையவில்லை. முதுகை வளைத்து அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பெண் வந்து "மம்மி, ராவண் தேக்னே சலோ, ஜல்தி" என்று ராவணனைப் பார்க்க இழுத்தபோது, "என்னத் தொடாத" என்று அதட்டினார். அந்தக் குரல் நடுங்கியது. அவரும் பயப்படுவார் என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன்.

தொண்ணூற்றிமூன்றில் டிஸ்க் ஒரு நீளமான கீச்சுச் சத்தம் போட்டு நின்றது. அப்புறம் எழவே இல்லை.

வெள்ளியும் சனியும் அக்கா அந்தத் துண்டுகளைப் பிரித்துப் பார்த்துப் பெயர் வைத்தார். பதினொரு குடும்பத்தின் தாள்களும் முழுசாக இருந்தன. பன்னிரண்டாவது செல்வியக்காவுடையது. அவள் ரேஷன் கார்டு திறந்தது. மேல்பாதியில் பெயர், புருஷன் பெயர், பிள்ளைகள் பெயர். கீழ்ப்பாதி முழுக்க சாம்பல் நிறம். வருஷமும் முத்திரையும் அந்தக் கீழ்ப்பாதியில்தான் இருந்தன.

விசாரணை அலுவலகத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் தர வேண்டும். நான் இந்தியில் அழகாக எழுதினேன்: தொழில்நுட்பக் கோளாறு காரணமாக. அக்கா வாசித்துவிட்டு, காலண்டர் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது யாரு? கோளாறுன்னு ஒருத்தர் இருக்காரா?"

திங்கட்கிழமை விசாரணை அதிகாரி பதினொரு குடும்பத்தின் தாள்கட்டுகளையும் ஒரு பக்கம் வைத்தார். செல்வியக்காவின் தாளைக் கையில் பிடித்து, "யே ஆதா க்யோ ஹை? ஏன் பாதிதான் இருக்கிறது? மீதியை நீங்களே மறைத்தீர்களா?" என்றார். நான் கடிதத்தைக் கொடுத்தேன். காலையில் நான் இயக்கியது, ரிப்பேர் ஓடவிட்டது, எவ்வளவு நேரம், பெட்டி எங்கே இருந்தது, எல்லாம் வரிசையாக அதில் இருந்தது. அவர் இரண்டு தடவை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பெரிய மனசு பண்ணிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். மறைத்ததாக எழுதி நிராகரிக்காமல், பரிசீலனையில் என்று எழுதினார். பின்வரிசையில் அரைநாள் லீவு போட்டு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வெளியே போய்விட்டார்.

மற்றப் பதினொரு பேரும் தீபாவளிக்குப் பிறகு குடிபோனார்கள். செல்வியக்கா இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். பழைய ரேஷன் பதிவேட்டில் அவள் பெயரைத் தேடி எடுக்க எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் அவள் கதவைத் தட்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாம்பல் நிறம் கண்ணில் வரும். அதற்குள் அக்கா குடும்பம் மாற்றலாகிப் புனே போய்விட்டது.

சாவி கிடைத்த அன்று செல்வியக்காவின் நாலாவது மாடி ஃபிளாட்டில் பால் காய்ச்சினோம். அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். செல்வியக்கா, "சாவி குடுத்துட்டாங்கம்மா" என்றாள்.

அந்தப் பக்கம் வாழ்த்து ஒன்றும் வரவில்லை.

"பெட்டிய எங்கன வச்சிருக்கீய?"

"பரண் மேலம்மா."

"ம்." பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "நீ? அந்தத் தாளெல்லாம் எங்கன வச்சிருக்க?"

"மூணு இடத்துலக்கா. புது லேப்டாப், தனி டிஸ்க், பென்டிரைவ்." பெருமையாகத்தான் சொன்னேன். பென்டிரைவை அன்றைக்குச் செல்வியக்காவிடம் கொடுத்துவிடலாம் என்று கையோடு கொண்டும் வந்திருந்தேன்.

"கடைசியா எப்பத் தொறந்து பாத்த?"

போன வாரம் என்று சொல்ல வாய் வந்தது. செல்வியக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டதோட சரி. பாக்கலைக்கா."

"இப்பப் பாரு" என்றார். போனை வைக்கவில்லை. நான் பையைத் திறந்து, மொழிபெயர்ப்பு வேலைக்காக எப்போதும் கூடவே சுமக்கிற லேப்டாப்பை எடுத்து, பென்டிரைவைச் செருகி, பன்னிரண்டு பெயரையும் ஒவ்வொன்றாகத் திறந்து வாசிக்கிற வரை அவர் அந்தப் பக்கம் காத்திருந்தார்.